அந்தக் காலத்தில் இளவயதுச் சாவு குறைவா? நம் ஊர்க் கணக்கை நாமே போட்டுப் பார்க்கும் முறை

காரைக்குடிப் பக்கம் எந்தத் துக்க வீட்டுக்குப் போனாலும் பந்தலில் ஒரு பேச்சு கிளம்பும். "இப்பெல்லாம் சின்ன வயசுலயே போயிடுறாங்கப்பா. எங்க அப்பத்தா தொண்ணூறு வரைக்கும் கண்ணாடி போடாம இருந்தா." பத்துப் பேர் தலையாட்டுவார்கள். அந்த அப்பத்தாவோடு பிறந்தவர்கள் எத்தனை பேர், அவர்களில் எத்தனை பேர் முப்பது வயதைப் பார்த்தார்கள் என்று ஒருவரும் கேட்பதில்லை. முதல் பிரசவத்தில் போன சின்ன அப்பத்தாவைப் பற்றிச் சொல்ல இன்று ஆள் இல்லை. தொண்ணூறு வரை இருந்தவர் மட்டும்தான் பேரன் கண்ணில் பட்டார்.

பந்தல் பேச்சு சரியா தவறா என்று சொல்ல வேண்டுமானால் எண்ண வேண்டும். என் ஊருக்கு எண்ணப் போய், நான் தடுக்கி விழுந்த இடங்களையும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பொறுமைதான் அதிகம் வேண்டும்.

முதலில் கேள்வியைக் குறுக்குங்கள்

"இளவயது" என்றால் ஆளுக்கொரு பொருள். நான் 15 முதல் 34 வரை என்று வைத்துக்கொண்டேன். நீங்கள் 20 முதல் 39 என்று வைத்தாலும் சரி, ஆனால் பாதியில் மாற்றக் கூடாது. குழந்தைச் சாவை இதில் கலக்காதீர்கள். அது தனிக் கதை. கலந்தால் இளைஞர் கணக்கை அதுவே மூடிவிடும்.

அடுத்தது ஊர் எல்லை. செட்டிநாடு என்பது மாவட்டம், தாலுகா போல அரசாங்கம் எல்லை வகுத்த பகுதி இல்லை. தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் எல்லாம் இன்று சிவகங்கை மாவட்டம். 1985 வரை அவை ராமநாதபுரம் மாவட்டம். ராயவரம், கோனாபட்டு, நச்சாந்துபட்டி ஊர்கள் 1948 வரை புதுக்கோட்டை சமஸ்தானத்தில் இருந்தன, பிறகு திருச்சி மாவட்டம், 1974 முதல் புதுக்கோட்டை மாவட்டம். "மாவட்டப் புள்ளிவிவரம்" என்று 1961-ஐயும் 2011-ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்தால், வேறு வேறு நிலப்பரப்பை ஒப்பிடுகிறீர்கள். காரைக்குடியிலேயே பாருங்கள், 2024-இல் மாநகராட்சி ஆனபோது கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் உள்ளே வந்துவிட்டன. இனி வரும் பதிவுகளில் காரைக்குடி இறப்பு கூடினால், எல்லை நகர்ந்ததும் அதற்கு ஒரு காரணமாக இருக்கும்.

மூன்றாவது, காலம். ஓர் ஆண்டோடு ஓர் ஆண்டை ஒப்பிடாதீர்கள். ஒரு வேன் கவிழ்ந்தால் ஒரு கிராமத்தின் அந்த ஆண்டுக் கணக்கே தலைகீழாகிவிடும். பத்துப் பத்து ஆண்டாகக் கட்டுங்கள். 1971–80, 2011–20 என்பது போல.

ஏடுகள் எங்கே கிடைக்கும்

பிறப்பு இறப்புப் பதிவு இன்று 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி நடக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். கிராமத்தில் வி.ஏ.ஓ., பேரூராட்சி, நகராட்சிகளில் சுகாதாரப் பிரிவு. 1980-இல் பரம்பரைக் கிராம அதிகாரிகளை அரசு நீக்கும் வரை மணியமும் கர்ணமும் எழுதிய ஏடுகள் இருந்தன. பழையவை தாலுகா அலுவலகத்துக்கோ சார்பதிவாளர் அலுவலகத்துக்கோ போயிருக்கும். சில கரையானுக்கும் போயிருக்கும்.

ஒன்றை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். பதிவேட்டிலிருந்து நகல் எழுதித் தரும்போது இறப்பின் காரணத்தை வெளியிடக் கூடாது என்று அந்தச் சட்டமே சொல்கிறது. வயது, பால், நாள், இடம் கிடைக்கும். காரணத்தை அறிய வேறு வழி தேட வேண்டும், அதற்குப் பின்னால் வருகிறேன்.

அரசு ஏட்டுக்கு வெளியேயும் செட்டிநாட்டில் தடயங்கள் உண்டு. நகரத்தார் கோயில்களின் புள்ளிக் கணக்கு, வீட்டில் பிள்ளை கூட்டிக்கொண்ட (தத்தெடுத்த) பத்திரங்கள், தேவாலயத்துப் புதைப்பு ஏடு, பள்ளிவாசல் ஜமாஅத் ஏடு. இவற்றைப் பார்த்ததும் பரவசப்பட்டுவிடாதீர்கள். புள்ளி என்பது கல்யாணமான தம்பதியைக் குறிப்பது. கல்யாணத்துக்கு முன் போன பையன் அந்த ஏட்டில் இருந்திருக்கவே மாட்டான், ஆக அவன் சாவும் இருக்காது. பிள்ளை கூட்டியிருந்தால் வாரிசு இல்லை என்றுதான் பொருள், இளவயதில் இறந்தார் என்று முடிவு கட்ட முடியாது. சில வீடுகளில் இளவயதில் போனவர்களை நினைத்துப் படைப்பு வைக்கிறார்கள். அந்தப் பெயர்கள் தலைமுறை தாண்டி நிற்கும், ஆனால் படைப்பில்லாத வீட்டுச் சாவுகள் அதே வேகத்தில் மறந்துபோகும். எல்லாவற்றையும்விட, பெரிய வீட்டுப் பெட்டகத்தில் இருக்கும் காகிதம் பெரிய வீட்டைப் பற்றித்தான் சொல்லும். அந்த வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவர், கண்மாயில் மண் வெட்டியவர் வீடுகளில் இருபத்தைந்து வயதில் யார் போனார் என்பதை அது சொல்லாது. அதற்குக் கிராம ஏடுதான் கதி, இல்லாவிட்டால் அந்தத் தெருக்களுக்குப் போய் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

தொகுதி (பின்னத்தின் மேல் எண்): யாரை எண்ணுவது

இங்கேதான் நான் வசமாக விழுந்தேன். எங்கள் ஊர் ஏட்டை வைத்து, சமீபத்திய பத்தாண்டில் இளவயது இறப்பு ஏறக்குறைய பாதியாகிவிட்டது என்று கணக்குப் போட்டு, பெருமையாக நான்கு பேரிடம் சொன்னேன். அதில் ஒரு பெரியவர் நிதானமாகக் கேட்டார்: "தம்பி, பைபாஸ்ல அடிபட்டு மதுரைக்குக் கொண்டு போனாங்களே அந்தப் பையன், அவன் உங்க ஏட்ல இருக்கானா?"

இல்லை. இறப்பு, அது நடந்த இடத்தில்தான் பதிவாகும். பள்ளத்தூர்ப் பையன் மதுரை அரசு ஆஸ்பத்திரியில் இறந்தால் அது மதுரைப் பதிவு. பழைய காலத்தில் பெரும்பாலானவர் வீட்டிலேயே இறந்தார்கள், ஊர் ஏட்டில் வந்தார்கள். இன்று அடிபட்டவர்களையும் தீவிர நோயாளிகளையும் மதுரைக்கும் தஞ்சாவூருக்கும் கொண்டு போகிறார்கள். சிவகங்கையில் 2012-இலும் புதுக்கோட்டையில் 2017-இலும் மருத்துவக் கல்லூரிகள் வந்த பிறகு அங்கேயும் போகிறார்கள். முதியவர் கடைசியில் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிடுவார், இளைஞர் ஆஸ்பத்திரியிலேயே போய்விடுவார். எனவே ஊர் ஏட்டில் வந்த இந்தக் "குறைவு" குறிப்பாக இளைஞர் விஷயத்தில்தான் ஏமாற்றும். காரைக்குடி மாதிரி ஆஸ்பத்திரி உள்ள ஊருக்கு இதே கோளாறு தலைகீழாக வரும், சுற்றுப்பட்டுச் சாவெல்லாம் அதன் கணக்கில் ஏறும்.

தீர்வு: பதிவு செய்த இடத்தை விட்டுவிட்டு, வழக்கமாகக் குடியிருந்த இடத்தைப் பிடியுங்கள். படிவத்தில் அந்த விவரமும் கேட்கப்படுகிறது. நடைமுறையில் எனக்கு உதவியது ஊர் நினைவுதான். தெருத்தெருவாகப் போய் "இந்தப் பத்து வருஷத்தில் இந்தத் தெருவில் கல்யாண வயசுக்காரர் யாராவது தவறிப்போனார்களா" என்று கேட்டு, அந்தப் பட்டியலை ஏட்டோடு ஒட்டிப் பார்த்தேன். கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் படங்கள்கூட உதவும், அதில் வயதும் தேதியும் இருக்கும். ஏட்டில் இருந்து ஊர் மறந்தவையும் உண்டு, ஊர் சொல்லி ஏட்டில் இல்லாதவையும் உண்டு. இரண்டையும் சேர்த்தபோது என் "பாதி" காணாமல் போனது.

அப்புறம், வயது. பழைய ஏட்டில் 20, 25, 30, 35 என்றே வந்துகொண்டிருக்கும். 27-உம் 33-உம் அபூர்வம். கேட்டவர் "ஒரு முப்பது இருக்கும்" என்றிருப்பார், எழுதியவர் 30 என்று எழுதியிருப்பார். 35 என்று குவிந்தவர்களில் எத்தனை பேர் உண்மையில் 33 என்று தெரியாது. ஓரங்களை 15–34 என்று வைத்துப் போட்டதையே 18–37 என்று ஒருமுறை வைத்துப் போட்டுப் பாருங்கள். விடை பெரிதாக ஆடினால், அந்தப் பத்தாண்டின் வயதுகளை நம்ப முடியாது.

பகுதி (பின்னத்தின் கீழ் எண்): எத்தனை பேரில்

இறந்தவர் எண்ணிக்கை மட்டும் இருந்தால் கணக்கு பாதிதான். எத்தனை பேரில் என்பது வேண்டும். கணக்கெடுப்பில் ஐந்தைந்து வயதுக் கூறாக மக்கள்தொகை மாவட்ட அளவில் கிடைக்கும். கிராம அளவில் மொத்தமும் 0–6 வயதும்தான் கிடைக்கும். ஆகவே கிராமத்துக்கு, மாவட்டத்தின் வயது விகிதத்தை ஊர் மொத்தத்தில் பொருத்தித் தோராயமாக எடுக்க வேண்டும். எங்கள் பக்கத்துக்கு இது அரைகுறையாகத்தான் பொருந்தும். பெரிய வீடுகள் பாதி பூட்டிக் கிடக்கின்றன, பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும். மறுபுறம், அழகப்பா கல்வி நிறுவனங்களின் விடுதிகள் இருப்பதால் காரைக்குடிப் பக்கம் 18–22 வயதுக்காரர் எண்ணிக்கை வீங்கியிருக்கும்.

வாக்காளர் பட்டியலை வைத்துச் சரிபார்க்கலாம், ஒரு எச்சரிக்கையோடு. வாக்குரிமை வயது 21-இலிருந்து 18-க்கு இறங்கியது 1989-இல். 1984 பட்டியலையும் 1991 பட்டியலையும் வைத்து ஊரில் இளைஞர் பெருகிவிட்டார்கள் என்று சொன்னால் சிரிப்பார்கள். கிராம சுகாதார செவிலியரிடம் இருக்கும் குடும்ப ஏடு இதைவிட நம்பகமானது. 2011-க்குப் பிறகு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால் சமீபத்திய ஆண்டுகளுக்கு அந்த ஏடு இன்னும் முக்கியம்.

பர்மா காலத்துக் கணக்குக்கு இது உயிர்நாடி. கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போன ஆண்கள் மூன்று வருஷக் கணக்கில் ரங்கூன், பினாங்கில் இருந்த கிட்டங்கிகளில் (தொழிலும் தங்கலும் ஒன்றாக நடந்த கட்டடங்களில்) இருந்தார்கள். 1931 வரை கணக்கெடுப்பு ஒரே இரவில், அன்று அங்கே இருப்பவரை எண்ணியது. ரங்கூனில் இருந்தவர் தேவகோட்டைக் கணக்கில் இல்லை. அவர் ரங்கூனில் காய்ச்சலில் இறந்ததாகக் குடும்பக் கடிதத்தில் தெரிகிறது என்று அவரைத் தேவகோட்டை இறப்பில் சேர்த்தால், மேலே இருப்பவர் கீழே இல்லை. வகுத்தல் பொய்யாகிவிடும்.

இதற்கு ஒரே வழி, இரண்டு கணக்கைத் தனித்தனியாக வைப்பது. ஊர்க் கணக்கில் ஊரில் வசித்தவர்கள், ஊர்வாசியாக இறந்தவர்கள். குடும்பக் கணக்கில் குறிப்பிட்ட பங்காளி வீடுகளில் பிறந்த ஒவ்வொருவரும், எங்கே போனாலும், 15-இலிருந்து 35 வரை வருவார்கள். முழுதும் வாழ்ந்தவர் 20 ஆண்டு தருவார், 28-இல் இறந்தவர் 13 ஆண்டு தந்து ஒரு இறப்பையும் தருவார். வெளிநாடு போனவர்களைப் பிடிக்க இதுதான் வழி. அடியோடு அற்றுப்போன குடும்பத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இருக்காது என்பது இதன் ஓட்டை.

இப்போது கணக்கு

ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம், எண்கள் முழுவதும் கணக்குக்காக நான் போட்டவை.

முதல் பத்தாண்டில் ஊரில் 15–24 வயதில் சராசரியாக 600 பேர், 25–34-இல் 400 பேர். ஆள் எண்ணிக்கையைப் பத்து ஆண்டால் பெருக்கினால் 6,000, 4,000 ஆள்-ஆண்டுகள். இறந்தவர்கள் முறையே 12, 16. ஆயிரம் ஆள்-ஆண்டுக்கு வீதம் 2.0, 4.0. சேர்த்துப் பார்த்தால் 10,000-இல் 28, அதாவது 2.8.

இரண்டாவது பத்தாண்டில் பிள்ளைப்பேறு குறைந்து சின்ன வயதினர் 400, மூத்தவர் 600. ஆள்-ஆண்டு 4,000, 6,000. இறந்தவர்கள் 6, 21. வீதம் 1.5, 3.5. சேர்த்தால் 10,000-இல் 27, அதாவது 2.7.

2.8, 2.7. "ஒன்றும் மாறவில்லை" என்று பந்தலில் சொல்லிவிடலாம். ஆனால் இரண்டு வயதுக் கூறிலும் வீதம் குறைந்திருக்கிறது! ஊரில் மூத்த கூறு பெருத்துவிட்டதால் மொத்த எண் அதை மறைக்கிறது. எனவே இரண்டு காலத்துக்கும் ஒரே வயதுப் பிரிவைக் கொடுங்கள். பாதிக்குப் பாதி என்று வைத்தால், முதல் காலம் 2.0-க்கும் 4.0-க்கும் நடுவில் 3.0, இரண்டாம் காலம் 2.5. ஆறில் ஒரு பங்கு குறைவு. இதைத்தான் வயது சீர்செய்த வீதம் என்கிறார்கள்.

வீட்டில் சொல்லிப் புரியவைக்க வேறு வடிவம் நல்லது: 15 வயதான 1,000 பேரில் 35-க்குள் எத்தனை பேர் போவார்கள்? ஆயிரத்துக்கு 2 என்றால் ஓர் ஆண்டு பிழைக்கும் பங்கு 0.998. அதைப் பத்து முறை பெருக்கினால் 0.980. அடுத்த பத்தாண்டுக்கு 0.996-ஐப் பத்து முறை பெருக்க 0.961. இரண்டையும் பெருக்கினால் 0.942, அதாவது 58 பேர் போவார்கள். இரண்டாம் காலத்துக்கு இதே முறையில் 49. "58 பேர் 49 ஆனது" என்றால் ஆச்சிக்கும் புரியும்.

சரி, கொண்டாடலாமா? அவசரப்படாதீர்கள். 28, 27 என்பவை சின்ன எண்கள். ஓர் எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கி இருபுறமும் வையுங்கள், தற்செயலாக எவ்வளவு ஆடும் என்று தெரியும். 25 சாவு என்றால் ஏறக்குறைய 15 முதல் 35 வரை. பத்துக்கும் கீழே போனால் இந்தக் குறுக்குவழியும் சரிவராது. 4 சாவுக்கு முறையான வரம்பு 1 முதல் 10 வரை. நம் கற்பனை ஊரில் 3.0-க்கும் 2.5-க்கும் உள்ள வித்தியாசத்தை இப்படிச் சோதித்தால், உண்மையில் பாதியாகக் குறைந்ததிலிருந்து 40 சதவீதம் கூடியது வரை எதுவாகவும் இருக்கலாம் என்று வருகிறது. ஓர் ஊர் போதாது, பக்கத்துப் பத்து ஊரைச் சேர்க்க வேண்டும். என் ஊர்க் கணக்கும் இப்படித்தான் ஆடும் என்று புரிந்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, மூன்று மாத உழைப்பு.

ஆண், பெண்ணைப் பிரிக்காமல் பேசாதீர்கள்

மொத்த வீதம் அசையாமல் நிற்கும்போது உள்ளே இரண்டு கதை எதிரெதிராக ஓடிக்கொண்டிருக்கலாம். 1970-களில் இந்திய அளவில் பிள்ளை பெறும் வயதுப் பெண்கள் இறக்கும் வீதம் அதே வயது ஆண்களைவிட அதிகம். இன்று அது மாறிவிட்டது. தமிழகத்தில் உயிரோடு பிறந்த ஒரு லட்சம் குழந்தைக்குத் தாய் இறப்பு 2001–03-இல் 134, 2018–20-இல் 54 என்கிறது மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டம். அந்தத் திட்டம் மாநில அளவு வரைதான், ஊருக்குக் கிடையாது. உங்கள் ஊர் எண்ணை அருகில் வைத்துப் பார்க்கப் பயன்படும்.

ஆண்கள் பக்கம் சாலை. 2022-இல் தமிழகச் சாலைகளில் 17,884 பேர் இறந்தார்கள். நாடு முழுக்க அந்த ஆண்டு சாலையில் போனவர்களில் மூன்றில் இரண்டு பங்கு 18–45 வயதினர். பந்தல் பேச்சில் உண்மை இருக்கிறது என்றால் அது இங்கேதான். காசநோயில் போன இளைஞர் மாதக் கணக்கில் இருமி, ஊருக்குப் பழகிப்போய் இறந்தார். பைக்கில் போனவர் ஒரே இரவில் இறக்கிறார், ஃபிளெக்ஸ் கட்டுகிறார்கள். அதிர்ச்சி நினைவில் நிற்பதால் எண்ணிக்கையும் கூடியதாகத் தோன்றுகிறது.

காரணத்தை அறிய வீட்டாரிடம்தான் கேட்க வேண்டும். நாட்டளவில் பெரிய ஆய்வுகளே அப்படித்தான் செய்கின்றன: எத்தனை நாள் காய்ச்சல், இருமலா, கர்ப்பமா, விபத்தா என்று கேட்டு, மருத்துவர் படித்து முடிவு செய்வார். "நெஞ்சு வலி" என்று மட்டும் எழுதியிருந்தால் அதைக் காரணமாக எடுக்காதீர்கள். தற்கொலையை வீட்டார் வேறு பெயரில் சொல்வது வழக்கம், துருவாதீர்கள். "காரணம் தெரியவில்லை" என்ற கட்டமும் நேர்மையான கட்டம்தான். பேச்சு அந்தப் பக்கம் போய், எதிரில் இருப்பவரே உடைந்துபோனால் நோட்டை மூடிவிடுங்கள். மனநல உதவிக்கான 104, 14416 என்ற இலவச எண்களை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

தனியாக வைக்க வேண்டிய ஆண்டுகள்

1918-இல் உலகெங்கும் பரவிய இன்ஃப்ளுயன்சா காய்ச்சல் 20 முதல் 40 வயதினரைத் தேடிப் பிடித்தது. இந்தியாவில் ஒரு கோடிக்கு மேல் போனார்கள், சென்னை மாகாணத்தைவிடப் பம்பாய்ப் பக்கம் அடி அதிகம். 1911–20-ஐ அடிப்படைக் காலமாக வைத்தால் அதற்குப் பின் எதுவும் முன்னேற்றமாகத்தான் தெரியும்.

1941 டிசம்பரில் ரங்கூனில் குண்டு விழுந்த பிறகு நடந்தே வந்தவர்கள் வழியில் இறந்தார்கள். எந்தச் செட்டிநாட்டு ஊர் ஏட்டிலும் அவர்கள் இல்லை, குடும்பக் கணக்கில் மட்டும் வருவார்கள். அந்த 1941 கணக்கெடுப்பின் வயது அட்டவணைகளும் போரால் சுருக்கப்பட்டவை, அதனால் பின்னத்தின் கீழ் எண்ணும் தள்ளாடும்.

எச்.ஐ.வி. தொற்று இந்தியாவில் முதலில் தெரிந்தது 1986-இல் சென்னையில். இலவச மருந்து 2004-இல்தான் தொடங்கியது. இடைப்பட்ட ஆண்டுகளில் முப்பதுகளில் போன ஆண்களுக்கு ஏட்டில் "காசநோய்" என்றிருந்தால் வியப்பில்லை. 2020–21 எல்லோருக்கும் தெரியும்.

இந்த ஆண்டுகளைச் சேர்த்து ஒரு முறை, நீக்கி ஒரு முறை கணக்குப் போடுங்கள். இரண்டு விடையையும் எழுதுங்கள்.

வெளியே சொல்லும் முன்

ஊர் சிறியது. "25–34, பெண், 2014, ஒன்று" என்று எழுதினாலே யாரென்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஐந்துக்கும் குறைவான கட்டங்களைப் பக்கத்துக் கட்டத்தோடு சேர்த்துவிடுங்கள். பெயர் எழுதிய நோட்டு வீட்டுக்குள் இருக்கட்டும். ஒவ்வொரு வரியிலும் இந்தப் பெயர் ஏட்டில் கிடைத்ததா, ஊர் சொன்னதா, இரண்டிலுமா என்று ஒரு பத்தி வைத்துக்கொள்ளுங்கள். என் நோட்டில் முதலில் அந்தப் பத்தி இல்லை. அதைப் போட இரண்டாவது முறை எல்லாத் தெருவுக்கும் போனேன், அப்போதுதான் அந்த மதுரைப் பையனின் அம்மா, கேட்காமலே, "அவனோட படிச்ச இன்னொருத்தனும் அதே வருஷம்தான் தம்பி" என்று அடுத்த தெருவைக் காட்டினார்.